கணினிக் கேள்வி–பதில்: 43 சிவப்புக் கோடுகளும் கோடு விழாத ஒரு வரியும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஒரே தொல்லையைச் சொல்கின்றன. நிரல் சரியாக ஓடுகிறது. நிரலை எழுதும் எடிட்டர் மட்டும் தப்பு, தப்பு என்று கோடு போட்டுக்கொண்டே இருக்கிறது. முதல் கடிதத்துக்கு நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்களுக்கும் வேண்டியது பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது.

கேள்வி: வணக்கம் ஆச்சி. பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஆத்தங்குடியில் என் மாமா தரைக்கல் பட்டறை வைத்திருக்கிறார். வார்த்தெடுத்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். எந்தத் தொட்டி எத்தனை நாள் ஊறியது என்று கணக்கு வைக்கவும், தண்ணீர் குறைந்தால் மோட்டாரை ஓட்டவும் ஏடிமெகா328பி சில்லை வைத்து ஒரு கருவி செய்கிறேன். நிரலை விஎஸ் கோட் எடிட்டரில் சி மொழியில் எழுதுகிறேன். மொத்தம் 43 இடங்களில் சிவப்பு நெளிகோடு. ‘போர்ட்பி என்ற பெயர் தெரியவில்லை’ என்கிறது. ‘இந்த அறிவிப்புக்கு வகை இல்லை’ என்கிறது. ஆனால் நிரலைச் சில்லுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மேக் கட்டளையைக் கொடுத்தால் ஒரு பிழைகூட இல்லாமல் முடிகிறது. மோட்டாரும் ஓடுகிறது. வழிகாட்டும் ஆசிரியர் திரையில் சிவப்பைப் பார்த்துவிட்டு, ‘முதலில் பிழையைத் திருத்திக்கொண்டு வா’ என்கிறார். செட்டிங்ஸில் போய்ச் சிவப்புக் கோட்டையே அணைத்துவிடலாமா?
— மாணவர், கோட்டையூர்

பதில்: தம்பி, அணைக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய கோப்பை என் கணினியில் திறந்து வரிவரியாகப் படித்தேன். 43 கோடுகளும் பொய்தான். ஆனாலும் உங்கள் நிரலில் ஒரு பிழை இருக்கிறது. அந்த வரியில் மட்டும் கோடே இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எனக்குப் பத்து வயதில் நடந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். கானாடுகாத்தான் வீட்டில், கோடை விடுமுறையில், என் ஐயா பழைய பேரேடு ஒன்றைக் கொடுத்துப் புது நோட்டில் பார்த்து எழுதச் சொன்னார். எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் சிவப்புப் பென்சிலால் கோடு போடு என்றும் சொன்னார். நான் பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கோடு போட்டேன். ‘மீ’ போலத் தொடங்கி எங்கோ சுழிந்து முடிகிற ஓர் எழுத்து. ‘வ’வுக்கு வால் முளைத்தது போல இன்னொன்று. பள்ளியில் படித்த 247 எழுத்துக்குள் அவை இல்லை. ஆகவே பிழை என்று முடிவு செய்துவிட்டேன். ஐயா பார்த்தார், கோபப்படவில்லை. நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எட்டுக் குறிகளை எழுதி எதிரே பொருளும் எழுதினார்: ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பப் படித்தபோது பேரேடு தெளிவாக இருந்தது. ௸ என்று எழுதியிருக்கும் இடத்தில் மேல் வரியில் உள்ள பெயரை மனத்துக்குள் போட்டுக்கொண்டு படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் நிரலில் வரும் ‘மேக்ரோ’ என்பது இந்த ௸ தான். எழுதும்போது ஒரு சிறு குறி. படிக்கும்போது அதன் இடத்தில் வேறொன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். சி மொழியில் அந்தப் போட்டுக்கொள்ளும் வேலையைச் செய்வது பிரீபிராசசர். 1972–73 வாக்கில் அது மொழியோடு வந்து சேர்ந்தபோது, கோப்பைச் சேர்ப்பதும் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றை வைப்பதுமே அதன் வேலை. மதிப்பு வாங்கும் மேக்ரோக்களும் ‘இப்படியானால் இந்தப் பகுதி, இல்லாவிட்டால் அந்தப் பகுதி’ என்கிற நிபந்தனைகளும் பின்னால் வந்தவை. நிரலைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். அதில் இலக்கணம் பார்க்கும் பகுதிக்கு நீங்கள் எழுதியது நேராகப் போவதில்லை. பிரீபிராசசர் விரித்துக் கொடுத்ததுதான் போகிறது. எடிட்டர் வேறு ஆள். அது தானே தனியாக உங்கள் கோப்பைப் படிக்கிறது. நாட்காட்டித் தாள் அதன் கையில் இல்லாவிட்டால் பத்து வயதில் நான் போட்ட கோடுகளைத்தான் அதுவும் போடும்.

உங்கள் கோப்பில் இரண்டு இடங்களை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, ‘போர்ட்பி’. இது சி மொழிச் சொல் இல்லை. சில்லுக்குரிய ஹெடர் கோப்பில், அதாவது இப்படிப்பட்ட பெயர்களின் வரையறைகளை எழுதி வைத்திருக்கும் கோப்பில், போர்ட்பி என்றால் உள்ளீடு–வெளியீட்டு வரிசையில் பதினறும எண் 05 என்று ஒரு மேக்ரோ இருக்கிறது. அதை விரித்தால் இன்னொரு மேக்ரோ வருகிறது. அது 05-உடன் 20-ஐக் கூட்டி, 25 என்ற முகவரியில் இருக்கும் எட்டு பிட் இடம் என்று ஆக்குகிறது. ‘போர்ட்பி’ என்று நீங்கள் தட்டியது கம்பைலரிடம் போய்ச் சேரும்போது, நினைவகத்தில் பதினறும எண் 25 என்ற முகவரிக்கு எழுது என்று ஆகியிருக்கும். சரி, எந்தச் சில்லின் ஹெடர்? உங்கள் சில்லு சேர்ந்த ஏவிஆர் குடும்பத்தில் எத்தனையோ சில்லுகள். பொது ஹெடரில் ‘இந்தச் சில்லா? அந்தச் சில்லா?’ என்று நீண்ட வரிசையாகக் கேள்விகள் இருக்கின்றன. பதில் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மேக் கட்டளை பார்த்து நடக்கும் உங்கள் மேக்ஃபைலில் கம்பைலரைக் கூப்பிடும் வரியில் ‘எம்எம்சியு = ஏடிமெகா328பி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்துதான். அதைப் பார்த்துக் கம்பைலர் அந்தச் சில்லின் பெயரில் ஒரு மேக்ரோவைத் தானாகவே வைத்துக்கொள்கிறது. எடிட்டர் உங்கள் மேக்ஃபைலைத் திறக்கவே இல்லை. எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை, இல்லை’ என்று சொல்லிக்கொண்டே வரிசையின் கடைசிக்கு வந்து, ‘சாதனத்தின் வகை வரையறுக்கப்படவில்லை’ என்ற எச்சரிக்கையில் முட்டி நிற்கிறது. அதன் பிறகு போர்ட்பி, டிடிஆர்பி, பின்பி எல்லாமே அதற்குப் பெயர் தெரியாதவர்கள். உங்கள் 43-இல் 38 இந்த ஒரே காரணத்தால் வந்தவை.

இரண்டாவது, டைமர் குறுக்கீட்டுக்கு, அதாவது டைமர் கூப்பிட்டதும் ஓடும் வேலையை நிறுத்திவிட்டு இடையில் ஓடுவதற்கு, நீங்கள் எழுதிய ‘ஐஎஸ்ஆர்’ பகுதி. பார்வைக்கு ஒரு செயற்கூறு போல இருக்கிறது. ஆனால் முன்னால் ‘வாய்ட்’ போன்ற வகைச் சொல் இல்லை. இலக்கணப்படி அது அரைகுறை வாக்கியம். மேக்ரோவாக விரியும்போதுதான் வகைச் சொல்லும், வெக்டர் 11 என்ற உண்மைப் பெயரும், இது குறுக்கீட்டுக்கானது என்ற குறிப்பும் வந்து சேர்ந்து முழு வாக்கியமாகிறது. விரிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு ‘வகை இல்லை’ என்று படுவதில் வியப்பில்லை.

இப்போது வைத்தியம். விஎஸ் கோடில் சி மொழிக்கான அமைப்புக் கோப்பு ஒன்று உண்டு. அதில் மூன்று தகவல்களை எழுத வேண்டும். கம்பைலரின் பாதை என்ற இடத்தில் கணினியின் சொந்தக் கம்பைலரை எடுத்துவிட்டு, ஏவிஆர் சில்லுகளுக்கான கம்பைலராகிய ஏவிஆர் ஜிசிசியின் பாதை. கம்பைலருக்குக் கொடுக்கும் கூடுதல் சொற்கள் என்ற இடத்தில் அதே ‘எம்எம்சியு’ வரி, மேக்ஃபைலில் உள்ளபடியே. மேக்ரோ வரையறைகள் என்ற இடத்தில் கடிகார வேகம், அதாவது எஃப்சிபியு என்ற பெயரில் 16000000. மூன்றையும் எழுதிச் சேமித்தேன், 43-உம் போய்விட்டன. உங்கள் நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

கோப்புகள் பெருகிவிட்டால் இப்படிக் கையால் எழுதுவது நிற்காது. மேக்ஃபைலில் ஒன்றை மாற்றி, எடிட்டரில் மாற்ற மறந்துவிடுவீர்கள். அப்போது ‘கம்பைல் கமாண்ட்ஸ்’ என்ற ஜேசன் கோப்பை உண்டாக்கிக்கொள்ளுங்கள். எந்தக் கோப்பு எந்தக் கட்டளையால் கம்பைல் ஆகிறது என்ற முழுப் பட்டியல் அதில் இருக்கும். மேக்ஃபைலை உண்டாக்கித் தரும் சிமேக் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரே ஒரு விருப்பத்தை இயக்கினால் போதும், தானே எழுதித் தரும். வெறும் மேக் என்றால், கரடி என்று பொருள்படும் ‘பேர்’ என்ற சிறு கருவியை மேக்குக்கு முன்னால் போட்டு ஓட்டினால், நடக்கும் கம்பைல்களைப் பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளும். எடிட்டருக்காக நிரலைப் படித்துப் பிழை சொல்லும் கிளாங்டி என்ற கருவியை வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். முன்பின் தெரியாத கம்பைலரை அது தானாக ஓட்டிப் பார்க்காது. ‘குவெரி டிரைவர்’ என்ற விருப்பத்தில் ஏவிஆர் ஜிசிசியின் பாதையைக் கொடுத்து அனுமதித்தால்தான் அதனிடம் ஹெடர்கள் எங்கே என்று கேட்கும்.

இனி அந்தக் கோடு விழாத வரி. கோப்பின் தலைப்பில் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் என்று மேக்ரோ எழுதியிருக்கிறீர்கள்:

ஒருநாள் → 60*24

கீழே பயன்படுத்தியிருக்கிறீர்கள்:

ஊறியநாள் = மொத்தநிமிடம் / ஒருநாள்

கல் மூன்று நாள் ஊறினால் 4320 நிமிடம். 1440-ஆல் வகுத்து 3 வரும் என்று நினைத்திருப்பீர்கள். வராது. மேக்ரோ கணக்கைப் போட்டுவிட்டு விடையை வைப்பதில்லை. எழுதியதை எழுதியபடியே வைக்கிறது. ஆகவே கம்பைலர் பார்ப்பது இது:

ஊறியநாள் = மொத்தநிமிடம் / 60*24

இடமிருந்து வலமாகப் போகும். 4320-ஐ 60-ஆல் வகுத்தால் 72. 72-ஐ 24-ஆல் பெருக்கினால் 1728. மூன்று நாள் ஊறிய கல்லை உங்கள் கருவி 1728 நாள் ஊறியது என்று சொல்லும். முதல் ஒரு மணி நேரம் பூஜ்யம் காட்டும். அடுத்த நிமிடமே 24 நாள் ஆகிவிடும். மோட்டார் ஓடுவதை மட்டும் சோதித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நாள் கணக்கைப் பார்த்திருந்தால் கையோடு அகப்பட்டிருக்கும்.

இலக்கணத்தில் இந்த வரி குற்றமற்றது. எடிட்டரும் விட்டுவிட்டது, கம்பைலரும் விட்டுவிட்டது. மேக்ரோவில் 60*24 என்பதைச் சுற்றி அடைப்புக்குறி போடுங்கள், தீர்ந்தது. அதைவிட நல்லது, அதை மேக்ரோவாக வைக்காமல் மாறிலியாக அறிவிப்பது. எடிட்டரில் அந்தப் பெயரின் மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தினால் அது எப்படி விரிகிறது என்று ஒரு சிறு பெட்டியில் காட்டும். இனிமேல் புதிதாக எழுதும் ஒவ்வொரு மேக்ரோவின் மேலும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். முழுக் கோப்பும் விரிந்து எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை இருந்தால், ஜிசிசி கட்டளையில் ஒரு சிறு கோடும் ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்தைப் பெரிய எழுத்தாகவும் சேர்த்து ஓட்டுங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் வரும். உங்களுடையவை கடைசியில் இருக்கும்.

ஆசிரியரிடம் வாதாட வேண்டாம். அவர் சிவப்பைப் பார்த்துக் கேட்டது நியாயமான கேள்விதான். இந்த அமைப்புக் கோப்பைக் காட்டி, முன்னால் 43, பின்னால் பூஜ்யம், காரணம் இது என்று சொல்லுங்கள். அப்படியே அந்த 1728-ஐயும் காட்டுங்கள். மாமாவின் தொட்டியில் கல் வீணாவதற்கு முன்னால் பிடித்துவிட்டோம் என்பதில் எனக்கு உண்மையிலேயே நிம்மதி.

கேள்வி: எடிட்டர் சொல்லும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இப்படிப் பொய்யானவை என்றால், அவற்றைக் கண்டுகொள்ளாமல் வேலையைப் பார்ப்பதுதானே அம்மா புத்திசாலித்தனம்?
— வாசகி, தேவகோட்டை

பதில்: அப்படி இருந்துதான் நான் ஒருமுறை பெரிய தவறு செய்தேன். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. திரவம் நிரப்பும் ஓர் இயந்திரத்துக்கு நிரல் எழுதினேன். வால்வு திறந்து எட்டு விநாடி காத்திருந்து மூட வேண்டும். கடிகார வேகத்தைச் சொல்லும் எஃப்சிபியு என்ற மேக்ரோ வரையறுக்கப்படவில்லை என்று எடிட்டர் எச்சரித்தது. அது எப்போதும் சொல்வதுதானே, கட்டளை வரியில் கொடுத்திருக்கிறோமே என்று விட்டுவிட்டேன். அன்று கொடுக்கவில்லை. வேறொரு வேலையிலிருந்து எடுத்து வந்த மேக்ஃபைலில் அந்த வரி இல்லை. கம்பைலரும் அதே எச்சரிக்கையைச் சொல்லியிருக்கிறது. ஓடுகிற வரிகளுக்கு நடுவே நான் படிக்கவில்லை.

அந்த மேக்ரோ இல்லாவிட்டால், காத்திருக்கும் வேலைக்கான ஹெடர் வேகத்தை 10 லட்சம் என்று தானே வைத்துக்கொள்ளும். எங்கள் சில்லு ஓடியது 160 லட்சத்தில். ஆகவே எட்டு விநாடிக்குப் பதில் அரை விநாடியில் வால்வு மூடியது. ஒரு நாள் முழுக்கப் பாட்டில்கள் அடியில் கொஞ்சம் திரவத்தோடு வந்து நின்றன. இயந்திரத்தைப் பிரித்து வால்வை மாற்றிப் பார்த்தவர்களின் உழைப்பும் என்னால் வீணானது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எடிட்டர் கோடு போட்டால், அதே வரியைப் பற்றிக் கம்பைலர் ஏதாவது சொல்கிறதா என்று பார்ப்பேன். இருவரும் சொன்னால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுவேன். எடிட்டர் மட்டும் சொன்னால், கம்பைலருக்குத் தெரிந்து எடிட்டருக்குத் தெரியாதது எது என்று தேடி அதைக் கொடுத்துவிடுவேன். பொய்க் கோடுகளை அன்றன்றே துடைத்து வைத்திருந்தால்தான் உண்மையான கோடு விழும்போது கண் அதில் போய் நிற்கும். 43-க்கு நடுவே 44-ஆவதை யாராலும் பார்க்க முடியாது.

கேள்வி: நியோவிம் எடிட்டரில் டிரீ சிட்டர் வைத்திருக்கிறேன். பட்டியல் முழுக்கச் சுற்றிவர நானே ஒரு மேக்ரோ எழுதினேன். அது வரும் இடத்திலிருந்து வண்ணமும் உள்தள்ளலும் குலைந்துவிடுகின்றன. கம்பைல் கமாண்ட்ஸ் கோப்பு இருந்தும் பயனில்லை.
— வாசகர், புதுவயல்

பதில்: பயன் இருக்காது. டிரீ சிட்டர் பிரீபிராசசரை ஓட்டுவதே இல்லை. தட்டத் தட்ட உடனுக்குடன் வண்ணம் பூச வேண்டும் என்பதற்காக எழுத்தை மட்டும் பார்த்து இலக்கணம் சொல்லும் கருவி அது. எந்தத் தாளைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாது. ஆகவே நீங்கள்தான் உங்கள் மேக்ரோவைப் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும்படி எழுத வேண்டும்.

நீங்கள் அனுப்பியதில் தொடக்க அடைப்பு மேக்ரோவுக்கு உள்ளே இருக்கிறது, முடிவு அடைப்பு வெளியே இருக்கிறது. திறந்த கதவு ஒரு வீட்டில், சாத்தும் கதவு அடுத்த வீட்டில். எடிட்டரை விடுங்கள், ஆறு மாதம் கழித்து நீங்களே படித்தால் தடுமாறுவீர்கள். இரண்டு அடைப்பையும் வெளியே கொண்டுவந்து, மேக்ரோவை ‘ஃபார்’ வரியோடு நிறுத்துங்கள். சுற்றாத, ஆனால் பல வரிகளைச் செய்யும் மேக்ரோ என்றால் அதை ‘டூ … வைல் பூஜ்யம்’ என்பதற்குள் போட்டு, கடைசி அரைப்புள்ளியை மட்டும் பயன்படுத்துபவரிடம் விட்டுவிடுங்கள். அப்போது அது ஒரு சாதாரண வாக்கியம் போலவே தோன்றும். ‘இஃப்’, ‘எல்ஸ்’ நடுவில் வந்தாலும் உடையாது.

எடிட்டருக்கு மட்டும் வேறு வரையறை காட்டலாமா என்று இன்னொரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். வழி உண்டு. மைக்ரோசாஃப்டின் சி நீட்டிப்பு படிக்கும்போது ‘இன்டெலிசென்ஸ்’ என்ற பெயரில் ஒரு மேக்ரோவை வைத்துக்கொள்கிறது. ஜெட்பிரெயின்ஸ் எடிட்டருக்கும் அப்படி ஒன்று உண்டு. அது இருந்தால் எளிய வரையறை, இல்லாவிட்டால் உண்மையான வரையறை என்று பிரித்து எழுதலாம். எனக்கு இது பிடிக்காது. எடிட்டர் ஒரு நிரலையும் கம்பைலர் இன்னொரு நிரலையும் படிக்கிற நிலை அது. வேறு வழியே இல்லாத ஒரு மேக்ரோவுக்கு மட்டும், ஏன் என்று பக்கத்தில் குறிப்பு எழுதிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: ரஸ்ட் மொழியில் எழுதுகிறேன். ‘டிரைவ்’ என்ற குறி போட்ட இடங்களில் மேக்ரோ விரிக்கப்படவில்லை என்று எடிட்டரில் உள்ள ரஸ்ட் அனலைசர் சொல்கிறது. கம்பைல் செய்யும் கார்கோ பில்ட் கட்டளை சரியாக முடிகிறது. அங்கும் இதே கதையா?
— மாணவி, காரைக்குடி

பதில்: கதை ஒன்றுதான், முடிச்சு வேறு. நீங்கள் சொல்லும் வகை மேக்ரோ தனி நிரலாகவே கம்பைல் ஆகி, ஓடி, புது நிரலை எழுதித் தருகிறது. அதை எடிட்டரும் உருவாக்கி ஓட்டினால்தான் விரிவு தெரியும். ரஸ்ட் அனலைசர் அமைப்பில் ‘பிராக் மேக்ரோ’, ‘பில்ட் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற இரண்டும் இயக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தும் தீரவில்லை என்றால் ரஸ்ட் கருவிகளைப் புதுப்பித்து, ரஸ்ட் அனலைசரை மீண்டும் தொடங்குங்கள். ‘மேக்ரோவை முழுதும் விரி’ என்ற கட்டளை அதிலேயே இருக்கிறது. விரிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டால் சந்தேகம் போய்விடும்.

கேள்வி: நான் வணிகவியல் ஆசிரியர். எக்செல்லில் மேக்ரோ எழுதும்போது, ஒரு வரியைப் பாதியில் விட்டு மேலே போய் எதையாவது பார்க்க நினைத்தால் உடனே ‘பிழை’ என்று பெட்டி வந்து நிற்கிறது. இதுவும் நீங்கள் சொல்லும் மேக்ரோதானா?
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: பெயர்தான் ஒன்று. எக்செல் மேக்ரோ என்பது விபிஏ மொழியில் எழுதிய முழு நிரல். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்கும் வேலை அதில் இல்லை. அங்கே பெட்டி வருவதற்குக் காரணம், நீங்கள் வரியை விட்டு நகர்ந்ததும் அது முடிந்துவிட்டது என்று எடிட்டர் எடுத்துக்கொள்வதுதான். விபிஏ எடிட்டரில் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸைத் திறந்து, ‘ஆட்டோ சின்டாக்ஸ் செக்’ என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள். பாதியில் விட்ட வரி சிவப்பாகவே நிற்கும், எங்கே விட்டோம் என்று தேட வேண்டியிருக்காது. பெட்டி மட்டும் குறுக்கே வராது.